கீட்டோ உணவுமுறை: எடை எவ்வளவு குறையும், யாருக்கு ஆபத்து?

புது தில்லி: உடல் எடையைக் குறைக்க விரும்புவோரிடையே கடந்த சில ஆண்டுகளாக அதிகம் பேசப்படும் உணவுமுறைகளில் ஒன்று ‘கீட்டோ’. சோறு, சப்பாத்தி, உருளைக்கிழங்கு, சர்க்கரை, பெரும்பாலான பழங்கள் ஆகியவற்றை ஏறத்தாழ முழுமையாக விலக்கி, நெய், வெண்ணெய், பன்னீர், முட்டை, மீன், இறைச்சி போன்றவற்றின் வாயிலாகவே உடலுக்குத் தேவையான ஆற்றலைப் பெறுவது இதன் அடிப்படை.

சமையல் எண்ணெய்ப் பயன்பாட்டை 10 சதவீதம் குறைக்குமாறு 2025 பிப்ரவரி 23 அன்று ஒலிபரப்பான ‘மனதின் குரல்’ நிகழ்ச்சியில் பிரதமர் நரேந்திர மோடி நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். உடல் பருமனைத் தடுக்க எண்ணெயைக் குறைக்க வேண்டும் என்று ஒருபுறம் அறிவுறுத்தப்படும் நிலையில், கொழுப்பைக் கூட்டினால் எடை குறையும் என்று மறுபுறம் கூறப்படுவது பலரையும் குழப்பத்தில் ஆழ்த்துகிறது.

கீட்டோ உணவுமுறையால் எடை குறையும் என்பது உண்மையே. எனினும், எவ்வளவு குறையும், எவ்வளவு காலம் நீடிக்கும், யாருக்குப் பாதுகாப்பானது என்ற கேள்விகளுக்கான விடைகள், சமூக ஊடகக் காணொளிகளில் சொல்லப்படும் அளவுக்கு எளிமையானவை அல்ல. குறிப்பாக, நீரிழிவு நோய்க்குச் சில வகை மாத்திரைகளை உட்கொள்வோர் மருத்துவரிடம் கேட்காமல் இந்த உணவுமுறைக்கு மாறினால், உயிருக்கே ஆபத்து நேரக்கூடும்.

கீட்டோ உணவுமுறை என்றால் என்ன?

நாம் உண்ணும் உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றல், மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகிய மூன்று சத்துகளிலிருந்து வருகிறது. ஒரு கிராம் மாவுச்சத்தும் ஒரு கிராம் புரதமும் தலா 4 கலோரி ஆற்றலைத் தருகின்றன. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகிறது.

கீட்டோ உணவுமுறையில் நாள் ஒன்றுக்கான மாவுச்சத்து பொதுவாக 20 முதல் 50 கிராமுக்குள் கட்டுப்படுத்தப்படுகிறது. மொத்த ஆற்றலில் சுமார் 70 முதல் 75 சதவீதம் கொழுப்பிலிருந்தும், சுமார் 20 சதவீதம் புரதத்திலிருந்தும், எஞ்சிய 5 முதல் 10 சதவீதம் மட்டும் மாவுச்சத்திலிருந்தும் பெறப்படுகிறது.

புரதத்துக்கும் இதில் வரம்பு உண்டு. அளவுக்கு மீறி உண்ணப்படும் புரதத்தின் ஒரு பகுதியைக் கல்லீரல் குளுக்கோஸாக மாற்றிக்கொள்ளும் என்பதே இதற்குக் காரணம். எனவே, அசைவ உணவை விருப்பம்போல் உண்பதையே கீட்டோ என்று கருதுவது தவறு.

உடலில் நடப்பது என்ன?

வழக்கமான உணவில் உள்ள மாவுச்சத்து செரிமானத்தின்போது குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின், இந்தக் குளுக்கோஸ் திசுக்களுக்குள் செல்ல உதவுகிறது. உடனடியாகத் தேவைப்படாத குளுக்கோஸ், ‘கிளைக்கோஜன்’ என்ற வடிவில் சேமிக்கப்படுகிறது. கல்லீரலில் சுமார் 100 கிராமும், தசைகளில் சுமார் 400 கிராமும் இவ்வாறு இருப்பில் இருக்கும்.

மாவுச்சத்து உட்கொள்வது திடீரெனக் குறையும்போது, கல்லீரலில் உள்ள இந்த இருப்பு ஓரிரு நாள்களில் பெருமளவு தீர்ந்துவிடுகிறது. இன்சுலின் சுரப்பும் குறைகிறது. அப்போது உடல், கொழுப்புத் திசுக்களில் சேமிக்கப்பட்டுள்ள கொழுப்பை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக விடுவிக்கத் தொடங்குகிறது. இதயமும் தசைகளும் இந்தக் கொழுப்பு அமிலங்களை நேரடியாகப் பயன்படுத்திக்கொள்ளும்.

மூளையால் அவ்வாறு செய்ய இயலாது. எனவே, கல்லீரல் கொழுப்பு அமிலங்களின் ஒரு பகுதியைக் ‘கீட்டோன்’ எனப்படும் சிறிய மூலக்கூறுகளாக மாற்றி இரத்தத்தில் அனுப்புகிறது. குளுக்கோஸுக்கு மாற்று எரிபொருளாக மூளை இவற்றை ஏற்றுக்கொள்கிறது. இரத்தத்தில் கீட்டோன்கள் லிட்டருக்கு 0.5 முதல் 3 மில்லிமோல் வரை இருக்கும் நிலை ‘கீட்டோசிஸ்’ என்று அழைக்கப்படுகிறது. இந்த உணவுமுறைக்குப் பெயர் வந்ததும் இதிலிருந்தே.

நீண்ட நேரம் பட்டினி கிடக்கும்போதும் உடலில் இதே மாற்றம் நிகழ்கிறது. உண்டுகொண்டே பட்டினிக்குரிய நிலையை உடலில் ஏற்படுத்துவது கீட்டோ உணவுமுறையின் செயல்பாடு எனலாம்.

வலிப்பு நோய்க்கான சிகிச்சையாகத் தொடக்கம்

எடைக் குறைப்புக்காகப் பிரபலமாவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, கீட்டோ ஒரு மருத்துவச் சிகிச்சையாக இருந்தது. பட்டினி இருந்தால் வலிப்பு நோயாளிகளுக்கு வலிப்பு குறைவதை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவர்கள் கவனித்தனர். ஆனால், நோயாளிகளைத் தொடர்ந்து பட்டினி போட இயலாது. பட்டினியின் பலனை உணவின் வாயிலாகவே பெற முடியும் என்ற கருத்தை, அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மருத்துவர் ரஸ்ஸல் வைல்டர் 1921-ஆம் ஆண்டு முன்வைத்தார்.

1938-ஆம் ஆண்டு ஃபெனிட்டாயின் என்ற வலிப்புத் தடுப்பு மருந்து அறிமுகமான பிறகு, கடைப்பிடிக்கக் கடினமான இந்த உணவுமுறையின் பயன்பாடு குறைந்தது. 1990-களில் ஹாலிவுட் இயக்குநர் ஜிம் ஆபிரகாம்ஸின் மகனுக்கு மருந்துகளால் கட்டுப்படாத வலிப்பு, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அளிக்கப்பட்ட கீட்டோ சிகிச்சையால் நின்றதை அடுத்து, உலகின் கவனம் மீண்டும் இதன் மீது திரும்பியது.

லண்டனில் 145 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2008-ஆம் ஆண்டு வெளியாகின. கீட்டோ உணவு வழங்கப்பட்ட குழந்தைகளில் 38 சதவீதத்தினருக்கு வலிப்புகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழாகக் குறைந்தது. வழக்கமான உணவைத் தொடர்ந்த குழந்தைகளில் இது 6 சதவீதமாக மட்டுமே இருந்தது.

இந்தச் சிகிச்சை, நரம்பியல் மருத்துவர், உணவியல் வல்லுநர் ஆகியோரின் நேரடிக் கண்காணிப்பில் அளிக்கப்படுகிறது. உணவு கிராம் கணக்கில் எடைபோட்டுத் தரப்படுவதுடன், வைட்டமின், தாது உப்பு மாத்திரைகளும் சேர்த்து வழங்கப்படுகின்றன. இரத்தப் பரிசோதனைகளும் குறிப்பிட்ட இடைவெளியில் மேற்கொள்ளப்படுகின்றன. எடைக் குறைப்புக்காக வீட்டிலேயே கீட்டோவைத் தொடங்குவோருக்கு இந்தக் கண்காணிப்பு எதுவும் கிடைப்பதில்லை.

எடை எவ்வளவு குறையும்?

கீட்டோ தொடங்கிய முதல் வாரத்திலேயே 2 கிலோ வரை குறைந்துவிட்டதாகப் பலர் கூறுவதுண்டு. இதில் பெரும்பகுதி கொழுப்பு அல்ல. உடலில் சேமிக்கப்படும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் 3 கிராம் நீரைத் தன்னுடன் பிடித்து வைத்திருக்கிறது. சுமார் அரை கிலோ கிளைக்கோஜன் கரையும்போது, அதனுடன் ஒன்றரை கிலோ நீரும் வெளியேறுகிறது. இன்சுலின் குறைவதால் சிறுநீரகங்கள் கூடுதலாக உப்பையும் நீரையும் வெளியேற்றுவதும் இதற்குத் துணைபுரிகிறது. மீண்டும் சோறும் சப்பாத்தியும் உண்ணத் தொடங்கினால், இந்த எடை சில நாள்களிலேயே திரும்பிவிடும்.

அதன் பிறகு குறையும் எடையில் கொழுப்பின் பங்கு உண்டு. கீட்டோசிஸ் நிலையில் பலருக்குப் பசி குறைகிறது. இனிப்பு, நொறுக்குத் தீனி, பேக்கரிப் பண்டங்கள் ஆகியவை உணவுப் பட்டியலிலிருந்து தாமாகவே நீங்கிவிடுகின்றன. இதனால் ஒரு நாளில் உட்கொள்ளும் மொத்தக் கலோரி குறைகிறது. கீட்டோ உண்ணும்போதும் தேவைக்கு மிஞ்சிய கலோரியை உட்கொண்டால், எடை குறையாது.

நீண்ட கால நோக்கில் பிற உணவுமுறைகளுடன் ஒப்பிட்ட ஆய்வுகளின் முடிவுகள் கவனிக்கத்தக்கவை. 13 ஆய்வுகளைத் தொகுத்து 2013-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட பகுப்பாய்வில், ஓராண்டு அல்லது அதற்கு மேல் கீட்டோவைக் கடைப்பிடித்தவர்கள், கொழுப்பைக் குறைத்து உண்டவர்களைவிடச் சராசரியாக 0.91 கிலோ மட்டுமே கூடுதலாக எடை குறைந்திருந்தனர்.

கீட்டோ அளவுக்குக் கடுமையாக இல்லாமல் மாவுச்சத்தைக் குறைக்கும் உணவுமுறையை, கொழுப்பைக் குறைக்கும் உணவுமுறையுடன் ஒப்பிட்டு, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரிடம் ஓராண்டுக்கு ஆய்வு நடத்தியது. 2018-இல் வெளியான அதன் முடிவுகளின்படி, கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோவும் எடை இழந்தனர். இந்த வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கது அல்ல என்று ஆய்வாளர்கள் தெரிவித்தனர். அதேவேளையில், இரு பிரிவிலுமே சிலர் பெருமளவு எடை இழந்தனர். சிலருக்கு எடை கூடவும் செய்தது.

எந்த உணவுமுறையை ஒருவரால் நீண்ட காலம் இடைவிடாது கடைப்பிடிக்க முடிகிறதோ, அதுவே அவருக்குப் பலன் தரும் என்பதையே இந்த முடிவுகள் உணர்த்துகின்றன.

இந்திய உணவுப் பழக்கத்துக்குப் பொருந்துமா?

இந்தியர்கள் பெறும் ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2025-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு தெரிவிக்கிறது. இதனை 10 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவருவது, அன்றாட உணவையே அடியோடு மாற்றுவதாகும்.

வேகவைத்த வெள்ளை அரிசிச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து உள்ளது. 30 கிராம் கோதுமை மாவில் செய்யப்படும் ஒரு சப்பாத்தியில் சுமார் 20 கிராமும், நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராமும், 200 மில்லி லிட்டர் பாலில் சுமார் 10 கிராமும் உள்ளன. இரண்டு சப்பாத்தியும் ஒரு கோப்பைப் பாலும் எடுத்துக்கொண்டாலே, கீட்டோவில் அனுமதிக்கப்படும் ஒரு நாள் அளவு தீர்ந்துவிடும்.

சைவ உணவு உண்போருக்கு இது மேலும் கடினம். அவர்களுக்கான முதன்மைப் புரத ஆதாரம் பருப்பு வகைகள். ஆனால், 100 கிராம் துவரம் பருப்பில் பாதிக்கும் மேல் மாவுச்சத்துதான். பருப்பையும் விலக்கினால், பன்னீர், டோஃபு, கொட்டைப் பருப்புகள், தேங்காய் ஆகியவற்றையே பெரிதும் சார்ந்திருக்க வேண்டும். முட்டையில் மாவுச்சத்து ஒரு கிராமுக்கும் குறைவு என்பதால், அசைவம் உண்போருக்கு இந்தச் சிக்கல் ஓரளவு குறைவு.

கொழுப்பின் அளவையும் கருத்தில் கொள்ள வேண்டும். நாள் ஒன்றுக்கு 2,000 கலோரி உண்பவர் அதில் 75 சதவீதத்தைக் கொழுப்பிலிருந்து பெற வேண்டுமானால், உணவிலுள்ள அனைத்தையும் சேர்த்துச் சுமார் 165 கிராம் கொழுப்பு தேவைப்படும். ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களில், இதே 2,000 கலோரிக்கான மாதிரி உணவுத் தட்டில் எண்ணெய், நெய் போன்றவற்றுக்கு 27 கிராம் மட்டுமே ஒதுக்கப்பட்டுள்ளது. மாவுச்சத்தைக் குறைக்காமல் நெய்யையும் வெண்ணெயையும் மட்டும் கூட்டிக்கொள்வோர், இரண்டு உணவுமுறைகளின் பாதகங்களையும் ஒருசேரச் சந்திக்க நேரிடும்.

பக்க விளைவுகள்

தொடங்கிய முதல் சில நாள்களில் தலைவலி, சோர்வு, குமட்டல், தலைசுற்றல், எரிச்சல் ஆகியவை தோன்றலாம். ‘கீட்டோ காய்ச்சல்’ என்று இது பேச்சுவழக்கில் குறிப்பிடப்பட்டாலும், இதில் உடல் வெப்பநிலை உயர்வதில்லை. நீரும் உப்பும் அதிகமாக வெளியேறுவது இதற்கு முக்கியக் காரணம். பெரும்பாலானோருக்கு ஓரிரு வாரங்களில் இது சரியாகிவிடும்.

நார்ச்சத்து குறைவதால் மலச்சிக்கல் ஏற்படுவது வழக்கம். கீட்டோன்களில் ஒன்றான அசிட்டோன் மூச்சுக்காற்றின் வழியே வெளியேறுவதால் வாயில் ஒருவித வாடை வீசும். நீண்ட காலம் தொடர்ந்தால் சிறுநீரகக் கற்கள் உருவாகும் வாய்ப்பு உண்டு என்பது, வலிப்புக்காக இந்தச் சிகிச்சை பெற்ற குழந்தைகளிடம் கண்டறியப்பட்டுள்ளது.

சிலருக்குக் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் அளவு கணிசமாக உயர்கிறது. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த நெய், வெண்ணெய், கொழுப்பு நிறைந்த இறைச்சி ஆகியவற்றை அதிகம் உண்போருக்கு இதற்கான வாய்ப்பு கூடுதல். அமெரிக்க இதயச் சங்கம் பத்து வகை உணவுமுறைகளை இதய நலனின் அடிப்படையில் மதிப்பிட்டு 2023-இல் வெளியிட்ட அறிக்கையில், கீட்டோ வகை உணவுமுறை 100-க்கு 31 மதிப்பெண்களுடன் கடைசி இடத்தைப் பெற்றது.

நீரிழிவு நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு நோய் இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. மாவுச்சத்தைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை குறையும் என்பதால், இவர்களில் பலருக்குக் கீட்டோவின் மீது ஈர்ப்பு ஏற்படுவது இயல்பே. அதேவேளையில், மிகுந்த எச்சரிக்கை தேவைப்படுபவர்களும் இவர்களே.

முதலாவது அபாயம், இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடுவது. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோரும், கிளிமெப்பிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்வோரும் மருந்தின் அளவை மாற்றாமல் மாவுச்சத்தை மட்டும் நிறுத்தினால், சர்க்கரை திடீரெனக் குறைந்து மயக்கமடைய நேரிடும். இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்வோருக்கு, நீர் அதிகமாக வெளியேறுவதால் இரத்த அழுத்தமும் தாழக்கூடும்.

இரண்டாவது அபாயம் பலரும் அறியாதது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள், இரத்தத்தில் மிகுதியாக உள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. இவை உடலில் கீட்டோன் உற்பத்தியைத் தூண்டும் தன்மையும் கொண்டவை. இவற்றுடன் கீட்டோ உணவும் சேரும்போது, இரத்தத்தில் கீட்டோன்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி, இரத்தம் அமிலத்தன்மை அடையும் ‘கீட்டோஅசிடோசிஸ்’ என்ற நிலை உருவாகலாம். உடனடியாகச் சிகிச்சை அளிக்காவிட்டால் இது உயிரிழப்பில் முடியக்கூடும்.

இந்த நிலையில் இரத்தச் சர்க்கரை இயல்பான அளவிலோ, சற்றே உயர்ந்தோ மட்டும் இருக்கக்கூடும் என்பதே இதிலுள்ள பெரும் சிக்கல். வீட்டிலுள்ள சர்க்கரை அளவீட்டுக் கருவி இயல்பான எண்ணைக் காட்டுவதால், நோயாளியும் குடும்பத்தினரும் ஆபத்தை உணராமல் போக வாய்ப்புண்டு. இம்மாத்திரைகளால் கீட்டோஅசிடோசிஸ் ஏற்படலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2015-ஆம் ஆண்டிலேயே எச்சரித்துள்ளது.

இந்தியாவில் எம்பாகிளிஃப்ளோசினுக்கான காப்புரிமை 2025 மார்ச் மாதம் முடிவடைந்ததை அடுத்து, பல நிறுவனங்கள் குறைந்த விலையில் இம்மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்துள்ளன. இதயம், சிறுநீரகம் ஆகியவற்றைப் பாதுகாக்கவும் பயன்படும் இந்த மருந்துகள் கூடுதலானோருக்குக் கிடைப்பது நன்மையே. அதனுடன் இந்த எச்சரிக்கையும் அவர்களைச் சென்றடைவது அவசியம். கீட்டோவைத் தொடங்குவதற்காக மருந்தைத் தாமாகவே நிறுத்துவதும் ஆபத்தானது. அதனை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

குமட்டல், தொடர் வாந்தி, வயிற்று வலி, மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வாங்குதல், கடும் சோர்வு, மனக்குழப்பம் ஆகியவை தோன்றினால், ‘கீட்டோ காய்ச்சல்’ என்று கருதிக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உட்கொள்ளும் மாத்திரையின் பெயரையும், கீட்டோ உணவுமுறையில் இருப்பதையும் அங்குள்ள மருத்துவரிடம் தெரிவித்து, இரத்தத்தில் கீட்டோன் அளவைப் பரிசோதிக்குமாறு கேட்க வேண்டும்.

யாரெல்லாம் தவிர்க்க வேண்டும்?

முதல் வகை நீரிழிவு நோயாளிகள், கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரக நோய் உள்ளவர்கள், கணைய அழற்சி அல்லது பித்தப்பை நோய் உள்ளவர்கள், கல்லீரல் செயலிழப்பு உள்ளவர்கள், உண்ணுதல் சார்ந்த மனநலக் கோளாறுக்கு ஆளானவர்கள் ஆகியோர் எடைக் குறைப்புக்காகக் கீட்டோவைத் தாமாகத் தொடங்கக் கூடாது. கொழுப்பைப் பயன்படுத்தும் திறனைப் பாதிக்கும் சில அரிய பிறவிக் கோளாறுகள் உள்ளவர்களுக்கு இந்த உணவுமுறை முற்றிலும் பொருந்தாது.

மற்றவர்களும் தொடங்குவதற்கு முன் இரத்தச் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளைச் செய்துகொண்டு, மருத்துவர், உணவியல் வல்லுநர் ஆகியோரின் ஆலோசனையைப் பெறுவது நல்லது. நாட்டில் நீரிழிவு இருப்பதையே அறியாமல் வாழ்வோர் ஏராளம் என்பதால், இப்பரிசோதனைகள் கூடுதல் முக்கியத்துவம் பெறுகின்றன.

மாற்று வழி உண்டா?

மாவுச்சத்தைக் குறைக்க வேண்டும் என்ற கீட்டோவின் அடிப்படைக் கருத்தில், இந்தியர்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்று இருக்கவே செய்கிறது. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் ஆய்வாளர்கள், 18,090 பேரின் உணவுத் தரவுகளை ஆராய்ந்து 2022-இல் சில பரிந்துரைகளை வெளியிட்டனர். புதிதாகக் கண்டறியப்பட்ட நீரிழிவு தணிந்த நிலையை அடைய, மாவுச்சத்தை மொத்த ஆற்றலில் 49 முதல் 54 சதவீதமாகக் குறைத்து, புரதத்தை 19 முதல் 20 சதவீதமாக உயர்த்தலாம் என்று அவர்கள் தெரிவித்தனர். கீட்டோவின் 10 சதவீதத்துடன் ஒப்பிட்டால், இது அன்றாட வாழ்வில் கடைப்பிடிக்கக்கூடிய மாற்றமே.

அரிசிக்குப் பதிலாகக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறுவது மட்டும் போதாது என்பதையும் 2025-இல் வெளியான ஆய்வு சுட்டிக்காட்டியது. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைத்து, அந்த இடத்தில் தாவரப் புரதத்தையோ பால் பொருள்களின் புரதத்தையோ சேர்ப்பது நீரிழிவு அபாயத்தைக் குறைப்பதுடன் தொடர்புடையது என்று அதில் கூறப்பட்டுள்ளது.

நடைமுறையில், தட்டில் சோற்றின் அளவைக் குறைத்து, காய்கறிகளையும் பருப்பு, முட்டை, மீன், தயிர் போன்றவற்றையும் கூட்டுவதே இதன் பொருள். சர்க்கரை சேர்த்த தேநீர், குளிர்பானம், இனிப்பு, எண்ணெயில் பொரித்த தின்பண்டங்கள் ஆகியவற்றைக் குறைப்பதும் இதில் அடங்கும். இவ்வாறு செய்யும்போது முதல் வாரத்தில் 2 கிலோ குறையாது. வாரத்துக்கு அரை கிலோ என்ற அளவில் எடை குறைவதே பாதுகாப்பானது என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அறிவுரை. அந்த வேகத்தில் ஆறு மாதங்களில் 12 கிலோ வரை குறைய முடியும். அதற்காகச் சோற்றையும் பருப்பையும் முற்றிலும் கைவிட வேண்டிய தேவையும் இருக்காது.